ஒரு கை புடி சார்

வெளிநாட்டுக்காரர்கள் யாரோ பெயர் வைத்து அனுப்பிய புயல் ஒன்று, அந்தப் பெயரை வாய்க்குள் நுழைத்துக்கொள்ள மந்திரிமார்கள் இன்னும் பழகிக்கொண்டிருந்தபோதே, ஒரு வியாழக்கிழமை நடுப்பகலில் நகரத்துக்குள் வந்து, வேம்பு, புங்கை, வாகை, தூங்குமூஞ்சி என்று பாரபட்சம் பார்க்காமல் பதினோராயிரத்துச் சொச்சம் மரங்களை வேரோடு சாய்த்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று மேற்கே போய்விட்டது. மறுநாள் காலை மாநகராட்சிக்காரர்கள் ரம்பமும் கிரேனும் புல்டோசருமாக வந்து இறங்கினார்கள். ஒரு மரமும் அசையவில்லை. மின்ரம்பத்தின் பற்கள் குழந்தைக்குப் பால்பல் விழுவதுபோல் கொட்டிப்போயின. சங்கிலி கட்டி இழுத்தபோது மரம் கிடந்த இடத்திலேயே கிடக்க, கிரேன்தான் பின்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு குப்புற நின்றது. முருங்கைக்காய்ப் பருமனுள்ள ஒரு கிளையைத் தீயணைப்புக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து இழுத்துப் பார்த்து, நான்கு பேரும் இடுப்புப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இதையெல்லாம் தேசம்மா முப்பது கிலோமீட்டர் தள்ளி, புதுவாழ்வு நகர் என்று யாரோ கூசாமல் பெயர் வைத்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாவது மாடியில், ஓட்டலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டே பக்கத்து வீட்டு டி.வி.யில் கேட்டாள். அங்கே லிஃப்ட் ஓடாது, ஆறாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது, பஸ் வந்தால் வந்தது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தெட்டு வருஷம் நகரத்தின் நட்டநடுவில், வேதகிரி சாலையில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவள். அந்த மரத்தடிக்குத்தான் தங்கவேலுவோடு குடித்தனம் வந்தாள். அந்த மரத்தடியிலிருந்துதான் தங்கவேலுவைப் பாடையில் அனுப்பினாள். வண்டிக்கு மேலே கட்டிய தார்ப்பாயும் வண்டிக்குக் கீழே விரித்த கோரைப்பாயும்தான் வீடு. தெருவில் யார் சட்டையில் எத்தனையாவது பட்டன் இல்லை, யார் வீட்டுப் புடவை ஓரம் கிழிந்தது, யாருக்குக் கஞ்சி பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். புதுவாழ்வு நகரில் இஸ்திரிக்குத் துணி போட ஆள் இல்லை. மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு போகும்படியான வேலை அங்கே யாருக்கும் இல்லை.

மரங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்று கேட்டவர்கள் மூன்றாம் நாளோடு ஓய்ந்துபோனார்கள். நான்காம் நாளிலிருந்து நகரம் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது, அது எதற்குத்தான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரர்கள் வாகை வழியாகப் போவதா புங்கை வழியாகப் போவதா என்று கேட்டு ஏற்றினார்கள். மரத்தின் இந்தப் பக்கம் ஒரு ஆம்புலன்சும் அந்தப் பக்கம் ஒரு ஆம்புலன்சும் நின்று, நோயாளிகளைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பின. ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏணி வைத்து வேப்பமரத்தைத் தாண்டும்போது தலைப்பாகை மாட்டிக்கொள்ள, நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் ஒரு கையால் அதை எடுத்து விட்டார். விழுந்த அடிமரங்களின்மேல் மூன்று கட்சிக்காரர்களும் போஸ்டர் ஒட்டினார்கள். ஒரு பேராசிரியர் காற்றின் ஈரப்பதத்தைக் காரணம் சொன்னார், ஒரு ஜோசியர் சனியைச் சொன்னார். தொண்ணூறு சதவீத மரங்கள் அகற்றப்பட்டுவிட்டன என்று மாநகராட்சி அறிக்கை விட்டது. அந்த அறிக்கையைக் கொடுக்க வந்த ஊழியர் மரமேறி இறங்கித்தான் பத்திரிகை ஆபீசுக்குப் போனார்.

இதைக் கேட்டபோது தேசம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே உரித்த பூண்டில் நாலு பல் நசுங்கியது.

ஐந்தாம் நாள்தான் ஒரு செவலை நாயை எல்லோரும் பார்த்தார்கள். கிரேன் தோற்றுப்போன ஒரு வாகை மரத்தின் நுனியை அந்த நாய் வாயில் கவ்வி, பழைய செருப்பை இழுத்துக்கொண்டு போவதுபோல் தரதரவென்று முழு மரத்தையும் இழுத்துக்கொண்டு போய், அது வழக்கமாக மதியத்தில் படுக்கும் இடத்தில் போட்டு, அதன்மேல் சாய்ந்து தூங்கிவிட்டது. உடனே நாய் பிடிக்கும் வண்டிகள் புறப்பட்டன. பிடித்த நாய்களுக்குக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டி வேலைக்கு விட்டார்கள். நாய்களும் இழுத்தன, ஆனால் தங்களுக்குத் தோன்றிய இடத்துக்கு இழுத்தன. வட்டச் செயலாளர் ஒருவர் காலையில் பல் விளக்க வெளியே வந்தால் போர்ட்டிகோவில் முழு வேப்பமரம் கிடந்தது.

அடுத்த நாள் சவரிராஜ் வந்தான். ரயில்வே பாலத்துக்குக் கீழே ஒரு புங்கை மரத்தடியில் பஞ்சர் கடை வைத்திருந்து, தேசம்மாவைப்போலவே புதுவாழ்வு நகருக்கு அனுப்பப்பட்டவன். மரம் விழுந்த சேதி கேட்டு மனசு தாங்காமல் இரண்டு பஸ் மாறி வந்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு, ஒடிந்து மண்ணில் கிடந்த ஒரு கிளையைச் சரிசெய்யத் தொட்டான். மொத்த மரமும் தலையணை மாதிரி அவன் கையோடு எழும்பி வந்தது. அவன் பயந்து கீழே விட்டான். விட்டதும் தார் ரோடு உள்வாங்கும்படி பழையபடி கனத்துப்போய்க் கிடந்தது. மறுபடியும் தொட்டான், மறுபடியும் எழும்பியது. பாலத்தின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாநகராட்சி இன்ஜினியருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஒரு மரத்தின் அடியில் யார் வாழ்ந்தார்களோ, நாயானாலும் மனுஷனானாலும், அவர்களுக்குத்தான் அந்த மரம் வரும். மாடியிலிருந்து பார்த்து ரசித்தவர்கள், காரை நிறுத்திவிட்டுப் போனவர்கள், காலையில் அதைச் சுற்றி நடந்து சர்க்கரையைக் குறைத்துக்கொண்டவர்கள் யாரும் அந்தக் கணக்கில் வரவில்லை.

அப்படி வாழ்ந்தவர்கள் எங்கே என்று மாநகராட்சிக் கூட்டத்தில் கேள்வி வந்தபோது எல்லோரும் மேஜைமேல் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடைபாதை மீட்பு என்று பெயர் சொல்லி, குப்பை லாரியில் அள்ளிக்கொண்டு போய் முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொட்டியது அவர்களைத்தான். ஒரு விதவையின் பென்ஷன் பைல் அந்த ஆபீசில் பதினாறு வருஷமாகக் கிடைக்கவில்லை, ஆனால் ஆக்கிரமிப்பாளர் பட்டியல் கேட்ட நிமிஷத்தில் கிடைத்தது. அவ்வளவு நேர்த்தியாக எழுதி வைத்திருந்தார்கள். பெயர், வயது, எந்த மரம், மரத்துக்கு எந்தப் பக்கம். துரத்துவதற்காகப் போட்ட பட்டியலின் மேல் அட்டையை மாற்றி, நிழற்பயனாளிகள் பட்டியல் என்று எழுதிக்கொண்டார்கள்.

வேதகிரி சாலைப் பக்கத்தில் தேசம்மாவின் பெயரும் இருந்தது. அதை எழுதியவர் அந்த மண்டலத்தின் அதிகாரி கோதண்டபாணி. எழுதிய நாளை அவர் மறந்திருக்கலாம், அவள் மறக்கவில்லை. காலை பத்தரை மணி. பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. எதிர் வீட்டுப் பத்மலோசனி மேடத்தின் மாம்பழக் கலர் பட்டுப்புடவை பாதி இஸ்திரி போட்டபடி வண்டியில் விரிந்திருந்தது. லாரி வந்து நின்றது, ஆட்கள் குதித்தார்கள். பத்து நிமிஷம் கொடு சார், புடவைய முடிச்சுக் குடுத்துட்டு, கரிய கொட்டிட்டு வந்துர்றேன் என்று அவள் கேட்டாள். கோதண்டபாணி அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், கையிலிருந்த அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னார்: "எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடும்மா. பரிசீலிக்கிறோம்." கனல் இருந்த பெட்டியோடு, பாதிப் புடவையோடு, தார்ப்பாயோடு வண்டியைத் தூக்கி ஒரு லாரியில் போட்டார்கள், அவளை இன்னொரு லாரியில் போட்டார்கள். அவள் மனு எழுதினாள். படிக்கத் தெரிந்தவர்களைக் கெஞ்சி எழுதவைத்து ஏழு மனு கொடுத்தாள். ஏழுக்கும் பதில் இல்லை. பத்மலோசனி மேடத்திடமிருந்து மட்டும் ஆள் வந்தது, புடவை என்ன ஆச்சு என்று கேட்டு.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் புதுவாழ்வு நகருக்குள் லாரிகள் வந்தன. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார்கள், ஆனாலும் தேசம்மாவுக்கு அந்த லாரியைத் தெரிந்தது, பின்கதவில் அதே நசுங்கல். ஒலிபெருக்கியில் நிழற்பயனாளிகள் கவனத்துக்கு என்று ஒருவர் கத்தினார். மரத்தை எடுத்து லாரியில் வைத்து, கனம் திரும்பாமல் இருக்க அதன்மேல் கை வைத்தபடியே குப்பைக்கிடங்கு வரை போய் இறக்கிவிட வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள், ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் ஒரு பனியனும் உண்டு. பனியனில் 'நகரம் உங்களை வணங்குகிறது' என்று அச்சடித்திருந்தது. சிலர் போனார்கள். தெருவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆயிற்றே என்று போனார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சவரிராஜும் போனான்.

"நான் வர்ல," என்றாள் தேசம்மா. "அள்ளிகினு வந்து கொட்ன லாரியில நானே ஏறி ஒக்காரணுமா? வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

அடுத்த நாள் கோதண்டபாணியே ஆறு மாடி ஏறி வந்தார். வேதகிரி சாலை வழியாகத்தான் மந்திரி புயல் சேதம் பார்க்க வருகிறார், அதுவும் அன்றைக்கே, சாயங்காலம் நாலு மணிக்கு. மூச்சிரைத்துக்கொண்டு கதவைப் பிடித்து நின்றார். இரண்டு வருஷமாக அந்த ஆறு மாடியைத் தினம் தண்ணீர்க்குடத்தோடு ஏறியவள், அவருக்கு மூச்சு வரட்டும் என்று காத்திருந்தாள்.

"தா பாரும்மா, பழசெல்லாம் மனசுல வச்சுக்காதே," என்றார். "அந்த ஒரு மரத்த எடுத்துக் குடுத்துடு."

"என் வண்டி எங்க சார்?"

"யார்டுல பத்திரமா இருக்கு."

"பொட்டி?"

"அதுவும்தான்."

"மரத்த எடுத்தா வண்டியக் குடுப்பியா? நின்ன எடத்துலயே நிறுத்திக்க வுடுவியா?"

"குடுக்கிறேம்மா. நிறுத்திக்கோ. நான் சொல்றேன் இல்ல?"

பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அந்த ஆபீஸ்காரர்களின் வாக்கு என்ன லட்சணம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் அந்த வண்டி, அந்தப் பெட்டி, அந்த இடம் என்றதும் கால் தானாகக் கிளம்பியது.

வேதகிரி சாலையில் மரம் குறுக்கே கிடந்தது. வேர் ரோட்டின் தெற்குப் பக்கம், உச்சி வடக்கே பத்மலோசனி மேடத்தின் கேட்டின்மேல். பத்து நாள் ஆகியும் இலை வாடவில்லை. சாயங்காலமானால் படுத்த படுக்கையிலேயே இலைகளை மூடிக்கொள்கிறது என்று காவலாளி சொன்னார். தேசம்மா அதன் அடிமரத்தைத் தொட்டாள். அவள் முதுகு சாய்ந்து சாய்ந்து வழவழப்பான இடம் அது, தங்கவேலு தார்ப்பாய்க் கயிறு கட்ட அடித்த ஆணிகூட இருந்தது. மரம் மூச்சு விட்டதுபோல் லேசாகத் தளர்ந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது, கோபம்தான் முந்திக்கொண்டது.

கேட்டுக்கு உள்ளேயிருந்து, இலைகளை விலக்கிக்கொண்டு பத்மலோசனி மேடம் எட்டிப் பார்த்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மரத்தின் காய் பிசுபிசுவென்று காரில் ஒட்டுகிறது, மரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்பதால் தெருவின் அழகு கெடுகிறது என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதி மாநகராட்சிக்குக் கொடுத்தவர் அவர்தான்.

"தேசம்மா! நல்லவேளை வந்தே," என்றார். "நீ போனப்புறம் தெரு தெருவாவே இல்ல. இவருக்கு ஒரு சட்டை உருப்படியா இஸ்திரி போட ஆள் கிடையாது. பத்து நாளா கார் எடுக்க முடியல, பால்காரன் கயிறு கட்டித்தான் பால் அனுப்பறான். சட்டுனு எடுத்து விடும்மா."

"எடுக்கறேன் மேடம்."

"இரு, தண்ணி குடிச்சிட்டு எடு." அவர் கை தானாகக் காம்பவுண்டுச் சுவரின் மூலைக்குப் போனது. தேசம்மாவுக்கென்று இருபத்தெட்டு வருஷம் அங்கே கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் அங்கேயே இருந்தது. வீட்டுக்குள் ஒருநாளும் போகாத டம்ளர்; மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடந்து ஓரத்தில் நெளிந்துபோயிருந்தது. "ஆமா, அந்த மாம்பழக் கலர் புடவை... அது எங்க அம்மா எடுத்துக் குடுத்தது. கிடைச்சுதா?"

தேசம்மா அந்த டம்ளரையே பார்த்தாள். தன்னைக் குப்பை மாதிரி அள்ளிக்கொண்டு போனதை இந்த அம்மாள் இதே கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும், அன்றைக்கும் புடவை புடவை என்றுதான் கத்தியதும் ஞாபகம் வந்தது.

"மொதல்ல என் வண்டியப் பாக்கணும்," என்று கோதண்டபாணியிடம் திரும்பிச் சொன்னாள். "பாத்துட்டு வந்துதான் மரத்துல கை வைப்பேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. வேறு வழியில்லாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மூன்று தெரு தள்ளியிருந்த மண்டல ஆபீசுக்குப் போனார். பின்னால் யார்டில் வண்டி இல்லை. எங்கே என்று கேட்டதற்கு அங்கிருந்தவன், பழைய வண்டியெல்லாம் போன வருஷமே உடைத்து விறகுக்கு அனுப்பியாயிற்றே என்று, அது தெரியாதா என்பதுபோல் சொன்னான். கோதண்டபாணி அவனை முறைத்தார். அவனுக்கு ஏன் முறைக்கிறார் என்று புரியவில்லை, இரண்டாம் தடவையும் சொன்னான்.

தேசம்மா முன்பக்கம் வந்தாள். ஆபீஸ் வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதற்குக் கீழே எதையோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். பித்தளை. எட்டுக் கிலோ. மரக் கைப்பிடியில் தங்கவேலுவின் நீலக்கட்டம் போட்ட லுங்கியைக் கிழித்து அவள் சுற்றிய துணி, எத்தனையோ பேர் கால் பட்டுக் கறுத்துப்போயிருந்தது. இருபத்தெட்டு வருஷம் அவள் வலக்கையின் பாதியாக இருந்த பெட்டி, வருகிறவன் போகிறவன் செருப்பில் இடிபட்டுக்கொண்டு, இவர்களுக்குக் காற்று வர வேண்டும் என்பதற்காகக் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னுது," என்று குனிந்து கைப்பிடியைத் தொட்டாள்.

"தெரியும்மா. ஆனா அது இப்ப ஆபீஸ் பொருளா ஏறிடுச்சு, நான் எடுத்துக் குடுக்க முடியாது." கோதண்டபாணி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது: "எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடும்மா. பரிசீலிக்கிறோம்."

தேசம்மா பெட்டியை விட்டு நிமிர்ந்தாள். அந்த ஆபீசை ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். ஒரே வாசல். பின்வாசல் ஒன்று இருந்தது, ஆனால் அதை வருஷக்கணக்காக வந்த மனுக்கட்டுகள் தரையிலிருந்து உத்தரம் வரை அடைத்துக்கொண்டிருந்தன. அவளுடைய ஏழும் அதற்குள்தான் எங்கேயோ கிடந்தது. ஜன்னல்களுக்குக் கனமான கம்பி போட்டிருந்தார்கள், மனு கொடுக்க வருகிறவர்கள் எட்டிக் குதித்துவிடக் கூடாதே என்று.

"சரி சார்," என்றாள். "வா. மரத்த எடுத்துர்றேன்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கக் கண்கூசியது.

வேதகிரி சாலையில் தெருவே கூடிவிட்டது. மாடிகளில், மதில்களில், போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தேசம்மா இடுப்பிலிருந்த துண்டை உருவி, முறுக்கி, வட்டமாகச் சுற்றிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தாள். லாரி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். தலையில் சுமை ஏற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் கூட ஒரு ஆள் கை பிடித்துத் தூக்கிவிட வேண்டும், தானாக ஏற்றிக்கொள்ளக் கூடாது. யாரைப் பார்த்துக் கேட்டாலும் கேட்கப்பட்டவர் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அந்த நகரத்தில் சந்தைக் கூலிக்காரர்கள் தொடங்கி வைத்து எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம் அது. கோட்டு சூட்டு போட்டவன்கூட விறகுக்கட்டுக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போவான்.

தேசம்மா கோதண்டபாணியைப் பார்த்தாள்.

"ஒரு கை புடி சார்."

அவர் யோசிக்கவே இல்லை. கை மடிப்பை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து ஒரு முனையைப் பிடித்தார். அவள் கை பட்டிருந்ததால் அவருக்கும் அது பஞ்சுமூட்டையாக எழும்பியது. மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அறுபதடி மரத்தை அவரே தூக்கி அவள் தலையில் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். பத்மலோசனி மேடம் கேட்டைத் திறந்து காரை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். கோதண்டபாணி ஜீப்பில் தாவி ஏறி, கமிஷனருக்கு நல்ல சேதி சொல்ல ஆபீசுக்குப் பறந்தார்.

தேசம்மா நடந்தாள். வேர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, உச்சி தெருவைப் பெருக்கிக்கொண்டு பின்னால் வர, குப்பை கூளம் பாலிதீன் பை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு அந்த மரம் அவள் தலைமேல் நகரத்தின் ஊடாகப் போனது. சிக்னலில் நின்றது, பச்சை விழுந்ததும் போனது. மேலே தொங்கிய கேபிள் ஒயர்கள் ஒன்றுக்கொன்று ஒதுங்கி வழிவிட்டன. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருஷம் இந்தத் தெருக்காரர்களின் சுருக்கத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்தேனே, என்னைச் சுருட்டி எறிந்தீர்களே என்று அவள் வழியெல்லாம் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

தாலுக்கா ஆபீஸ் முனையில் சவரிராஜ் ஒரு லாரியில் வேறொரு புங்கையின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்து வந்தான். பாலத்தடியில் இரண்டு மரத்துக்கும் நடுவில்தான் அவன் கடை இருந்தது.

"யக்கா, குப்பக் கெடங்கு அந்தப் பக்கம்!" என்று கத்தினான்.

"தெரியும்டா."

"அப்பால எங்க போற?"

"என் பொட்டிய எங்க வச்சிக்கிறானுங்களோ அங்க."

சவரிராஜ் அவளையும் மரத்தையும் அவள் போகும் திசையையும் பார்த்தான். பிறகு போட்டிருந்த பனியனைக் கழற்றிக் கீழே எறிந்துவிட்டு, லாரியின் கூரையைத் தட்டினான். "டிரைவர் அண்ணே, வண்டியத் திருப்பு. என் ஜாக்கியத் தூக்கினு போன போலீஸ் ஸ்டேஷன் ஒண்ணு கீது, அங்க வுடு." அவனுக்குப் பின்னால் வந்த லாரிகளும் நின்றன. ஒவ்வொரு மரத்தின்மேலும் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தங்கள் தராசு, தங்கள் அடுப்பு, தங்கள் தையல் மிஷின் எந்த வாசல் வழியாக உள்ளே போனது என்று ஞாபகம் இருந்தது.

மண்டல ஆபீசில் கோதண்டபாணி போனில், வேதகிரி சாலை கிளியர் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேசம்மா வாசலுக்கு வந்தாள். மரத்தை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, வலது கையால் பெட்டியை எடுத்தாள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு தடாரென்று சாத்திக்கொண்டது. அதன்மேல் மரத்தை நீளவாக்கில் ஒட்டப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் எடுத்தாள். படிக்கட்டு அமுங்கியது, கட்டிடம் ஒருதரம் உறுமிவிட்டு அடங்கியது.

மரம் கரண்டு ஒயரையும் அறுத்து ஜன்னல்களையும் இலையால் மூடியதில், உள்ளே இருந்தவர்களுக்கு முதலில் வெறும் கரண்டு கட் என்றுதான் தோன்றியது. மந்திரியின் கார் நாலு மணிக்கு வேதகிரி சாலையைத் தாண்டி வந்து அங்கே நின்றது, தீயணைப்பு வண்டி வந்தது, கிரேன் வந்து மறுபடியும் குப்புற நின்றது. சுற்று வட்டாரத்தில் இன்னும் பதினேழு ஆபீஸ்களின் வாசலில் மரம் கிடக்கிறது என்று தகவல் வந்துகொண்டே இருந்தது. கதவு அடைபட்ட ஐந்தாம் நாளுக்குள் நகரம் இதற்கும் பழகிவிட்டது. ஜன்னல் கம்பி வழியாக உள்ளே இட்லி போனது, வெளியே பிறப்புச் சான்றிதழ் வந்தது. சுவரை இடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அதற்கு உள்ளே இருக்கிறவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், போட்டாலும் அது மேலே போய் வர மூன்று மாசம் ஆகும் என்றார்கள். அந்தத் தெருக்காரர்கள் தேசம்மாவிடம் துணி கொண்டுவந்தார்கள். வழவழப்பான அடிமரத்தில் துணியை விரித்து, விரலால் சுள்ளி ஒடித்துக் கரியாக்கிப் பெட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்து அவள் இஸ்திரி போட்டாள். பத்மலோசனி மேடமும் ஒரு மூட்டையோடு வந்து வரிசையில் நின்றார். தண்ணீர் கேட்டார். தேசம்மா தன் சொம்பையே எடுத்துக் கொடுத்தாள், தனியாக எதையும் கவிழ்த்து வைக்கவில்லை.

கோதண்டபாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை ஐந்து நாள் கசங்கல்.

"ஏம்மா, விளையாடாதே. மரத்த எடு," என்று முதல் நாள் சொல்லியிருந்தார். "கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன்," என்று இரண்டாம் நாள், தானே உள்ளே இருந்துகொண்டு சொன்னார். இப்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மா. உங்களுக்கு என்ன வேணும்னாலும் செஞ்சு தரேன். வண்டி, எடம், எல்லாம். தயவுசெஞ்சு எடுங்கம்மா. நான் சொல்றேன் இல்ல?"

தேசம்மா நிமிரவில்லை. கையிலிருந்த சட்டையின் காலரைத் திருப்பி முடித்தாள்.

"எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடு சார்."

அவர் கம்பியை விட்டார். பிறகு உள்ளே போய், இருட்டில் தாள் தேடி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டு வந்து, கம்பி வழியாக நீட்டினார். கம்பிக்குள் நுழைத்ததில் தாள் கசங்கியிருந்தது. தேசம்மா அதை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மரத்தின்மேல் விரித்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, சுருக்கமெல்லாம் போகப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தாள். நாலாக மடித்தாள். அடுத்த சட்டையை உதறி விரித்தாள்.

"இதோட எட்டாச்சு சார்," என்றாள். "என்னுது ஏழும் உள்ளதான் கீது. மொதல்ல அத்தத் தேடி எடுத்துப் படி. அப்பால உன்னுத பரிசீலிக்கலாம்."